ஒரு தாளில் இரண்டு பக்கம்: எல்பி கட்டளை போதும்

லினக்ஸிலோ மேக்கிலோ நீளமான பிடிஎஃப் பிரிண்ட் எடுக்கப் போகிறீர்களா? கட்டளைகளைத் தட்டும் சாளரமான டெர்மினலில் எல்பி (lp) கட்டளையே தாளைப் பாதியாக்கித் தரும். தனியாக எதுவும் நிறுவ வேண்டாம், அச்செடுப்பைக் கவனிக்கும் கப்ஸ் (CUPS) மென்பொருள் இருந்தால் சரி.

எல்பி என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சிறுகோடும் ஓவும். மறுபடி இடைவெளி விட்டு நம்பர்-அப்=2, கடைசியில் கோப்பின் பெயர். கோப்பின் பெயர் தவிர எல்லாமே ஆங்கிலச் சின்ன எழுத்து. சமக்குறியின் இருபுறமும் இடைவெளி கூடாது. 2-க்குப் பதில் 4, 6, 9, 16 என்றும் கொடுக்கலாம். ஏ4 தாளில் படிக்க 2 அருமை. 4 என்றால் எழுத்து பெரிதாக உள்ள ஸ்லைடுகளுக்குத்தான் ஒத்துவரும். இன்னொரு சிறுகோடு-ஓ சேர்த்து பேஜ்-பார்டர்=சிங்கிள் கொடுத்தால் ஒவ்வொரு பக்கத்தைச் சுற்றியும் கோடு விழும். ஸ்லைடுகளுக்கு இது அவசியம்.

ஒன்றில் மட்டும் கவனம். சிறுகோடும் பெரிய பியும் போட்டு 1-4 என்று கேட்டால், அது கோப்பின் பக்க எண் அல்ல, அச்சாகும் பக்கத்தின் எண். நம்பர்-அப்=2 உடன் சேர்ந்தால் கோப்பின் முதல் 8 பக்கங்கள் வந்துவிடும். நான்கே பக்கம் போதுமென்றால் 1-2 என்று கொடுங்கள்.