சந்தன்நகர் போறீங்களா? பாண்டிச்சேரிய மனசுல வச்சுட்டுப் போகாதீங்க

கல்கத்தா போறவங்க நிறைய பேர் விக்டோரியா மெமோரியல், ஹவுரா பாலம்னு முடிச்சுட்டு திரும்பிடுறாங்க. ஹூக்ளி ஆத்தோரமா வடக்க சுமார் 35 கிலோமீட்டர் போனா சந்தன்நகர், பாண்டிச்சேரி கவர்னருக்குக் கீழ இருந்த பிரெஞ்சு ஊரு. ஹவுராவுல பர்தமான் மெயின் லைன் லோக்கல் ஏறுங்க, ஒரு மணி நேரம்தான், ஆபீஸ் நேரத்த மட்டும் தவிர்த்துடுங்க. இறங்கி டோட்டோகாரர்கிட்ட (பேட்டரி ரிக்‌ஷாவுக்கு அங்க அதான் பேரு) ஸ்ட்ராண்ட்னு (ஆத்தங்கரை ரோடு) சொன்னா போதும்.

போறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். வரிசையா மஞ்சச் செவரு, கஃபே இதெல்லாம் எதிர்பாத்துப் போனா ஏமாந்துதான் வருவீங்க. 1731ல இங்க தலைமைக்கு வந்த டூப்ளேதான் வியாபாரத்த பெருசாக்குனாரு, அப்புறம் 1742ல பாண்டிச்சேரிக்கு கவர்னரா வந்தாரே அதே ஆளுதான். ஆனா 1757 மார்ச்ல பிரிட்டிஷ்காரங்க, கிளைவ் கரை வழியாவும் கடற்படைத் தளபதி வாட்சனோட கப்பல்ங்க ஆத்து வழியாவும் வந்து அடிச்சதுல பிரெஞ்சுக்காரங்களோட ஆர்லியான் கோட்டை காலி, அதுக்கு மூணு மாசம் கழிச்சுதான் பிளாசி சண்டையே. அதனால கோட்டை எங்கன்னு தேடாதீங்க, இல்ல.

ஸ்ட்ராண்ட்ல மொதல்ல டூப்ளே மாளிகை மியூசியம் பாத்துடுங்க, லீவு நாள் முன்னாடியே விசாரிச்சுக்கங்க. பக்கத்துலயே 1884ல திறந்த சேக்ரட் ஹார்ட் சர்ச். அப்படியே கரையோரமா நடந்தா பாதாள் பாடி வரும், கீழ்த்தளம் ஆத்து மட்டத்துக்கும் கீழ இருக்கிற வீடு, தாகூர் தங்கியிருக்காரு.

என்னைக் கேட்டா இந்த ஊரோட உண்மையான கதை கட்டடத்துல இல்ல, எல்லைக்கோட்டுல இருக்கு. சுத்தி எல்லாம் பிரிட்டிஷ் இடம், எல்லையத் தாண்டிட்டா அவங்க போலீஸ் நேரடியா கை வைக்க முடியாது, அதனால புரட்சிக்காரங்களுக்கு செம வசதி. கன்னாய்லால் தத்தா இந்த ஊருதான், ராஷ் பிஹாரி போஸ் படிச்சது இங்கதான். 1910ல கைதாகப் போறோம்னு தெரிஞ்சதும் அரவிந்தர் ராத்திரியோட ராத்திரியா படகுல வந்து இங்கதான் ஒளிஞ்சாரு, இந்த ஊர்க்காரர் மோதிலால் ராய் பாத்துக்கிட்டாரு, அங்கருந்து கல்கத்தா போய் கப்பலேறி ஏப்ரல் 4 பாண்டிச்சேரி வந்து சேர்ந்தாரு. கப்பலோட பேரு என்ன தெரியுமா, டூப்ளே! கிராண்ட் டிரங்க் ரோட்டுல இருக்கிற கேட்டையும் பாருங்க, பிரெஞ்சுப் புரட்சியில பாஸ்டில் சிறை வீழ்ந்த நினைவா 1937ல கட்டுனது, சுதந்திரம் சமத்துவம் சகோதரத்துவம்னு பிரெஞ்சுல எழுதியிருக்கும். காலனிக்காரன் எழுதுன சுதந்திரம், சிரிப்புதான் வருது.

1949 வாக்கெடுப்புல ஜனங்க ஒட்டுமொத்தமா இந்தியா பக்கம்னு சொல்லிட்டாங்க, 1950 மே 2 நிர்வாகம் கைமாறுச்சு, 1954ல மேற்கு வங்கத்தோட சேர்ந்துடுச்சு. பாண்டிச்சேரி மாதிரி தனி யூனியன் பிரதேசமா இல்லாததுக்கு இதான் காரணம்.

நேரமிருந்தா 1740ல கட்டுன நந்ததுலால் கோயில். இந்த ஊரோட பெரிய திருவிழாவான ஜகத்தாத்ரி பூஜை சமயம்னா லைட்டிங் அட்டகாசமா இருக்கும், கூட்டமும் அப்படித்தான், சரித்திரம் பாக்க அப்ப போகாதீங்க.

கிளம்புறப்ப ஜல்பரா சந்தேஷ்ங்கற இனிப்ப கண்டிப்பா வாங்குங்க, நுங்கு வடிவத்துல இருக்கும், உள்ள பன்னீர்த் தண்ணி, அவசரமா கடிச்சா சட்டையெல்லாம் தெறிக்கும்.