மலைநாட்டில் டர்போ சொகுசுக் கார்: எங்கே தவறுகிறோம்?

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கொழும்போடு ஒப்பிட்டால் அங்கே காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சாதாரண எஞ்சின் அதற்கேற்பச் சோர்ந்துபோகும். டர்போ என்ற காற்றமுக்கி பூட்டிய எஞ்சினில், அது கூடுதலாகச் சுழன்று, காற்றை அமுக்கிக் கொடுத்துச் சரிக்கட்டிவிடும். அதனால்தான் பென்ஸ் சீ கிளாஸோ பீஎம்டபிள்யூ 3 சீரிஸோ புசல்லாவை ஏற்றத்தில் மூச்சு வாங்குவதில்லை. ஆனால் அந்த இழுவை கேட்டவுடன் வராது, சற்றுப் பிந்தித்தான் வரும். இதை மறந்து ஓட்டுவதுதான் முதல் தவறு.

இறம்பொடை கொண்டை ஊசி வளைவுகளில் இது நன்றாகத் தெரியும். மேலிருந்து கொழுந்து லொறி வருகிறது, ஒதுங்கி வழி விடுகிறோம். பிறகு அக்சிலேட்டரை மிதித்தால் ஒரு கணம் ஒன்றுமே நடக்காது. 'என்ன, இழுக்கவில்லையே' என்று இன்னும் அமுக்குவோம். அப்போது பார்த்து டர்போ விழிக்கும், கியரும் ஒன்று இறங்கும், கார் பாயும். தார் நனைந்திருந்தால், பின்சக்கர இழுவைக் காரின் பின்பக்கம் லேசாக நழுவி டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு மினுங்கும். பீஎம்டபிள்யூ 320i காருக்கு நிமிடத்துக்கு 1,350 சுழற்சியிலேயே 300 நியூட்டன் மீற்றர் இழுவை என்று விளம்பரத்தாளில் இருப்பது பொய்யல்ல. டர்போ சுழலத் தொடங்கிய பிறகு கிடைக்கும் கணக்கு அது. வளைவுக்கு முன்பே ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உள்ள மைனஸ் விசையைத் தட்டி இரண்டாம் கியரில் வைத்துக்கொண்டு, மெதுவாகவும் கொஞ்சம் முந்தியும் மிதியுங்கள். அவ்வளவுதான் வித்தை.

இறக்கம் இன்னும் மோசம். இன்றைய டர்போ எஞ்சின்கள் 1.5, 2 லீற்றர் என்று சிறியவை. ஒன்றரை தொன் காரைப் பிடித்து நிறுத்தும் வலு அவற்றுக்குக் குறைவு. எரிபொருளை மிச்சப்படுத்தும் ஈக்கோ மோடில் சில கார்கள் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள தொடர்பை விட்டுவிட்டுச் சும்மா உருளவும் செய்யும். நானுஓயாவிலிருந்து ரதல்ல குறுக்கு வீதியில் அப்படி இறங்கி, பிரேக்கை மட்டும் நம்புவது பைத்தியக்காரத்தனம். கருகிய வாடை வந்தால் பிரேக் ஏற்கெனவே சூடேறிவிட்டது என்று அர்த்தம். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

ஏறி முடித்ததும் நீர்வீழ்ச்சி பார்க்கும் அவசரத்தில் எஞ்சினைச் சட்டென நிறுத்தாதீர்கள். டர்போ கொதித்துக்கொண்டிருக்கும், ஒரு நிமிடம் சும்மா ஓடட்டும். நிறுத்திய பிறகும் ஃபேன் இரைந்தால் பயப்பட வேண்டாம், அது பழுதல்ல. அதேபோல ஜனவரிக் குளிரில் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் உறுமவிடவும் கூடாது. எண்ணெய் சூடாகும்வரை நிதானம்.

பெற்றோலைப் பொறுத்தவரை, ஒக்டேன் 95 கேட்கும் காருக்கு 92 அடித்தால் உடனே எதுவும் உடையாது. எஞ்சினுக்குள் தட்டல் வராமலிருக்கக் காரின் கணினி இழுவையைக் குறைத்துவிடும்; காசு கொடுத்து வாங்கிய பலத்தை ஷெட்டிலேயே விட்டுவிட்டு வருகிறீர்கள். சின்ன ஊர்களில் 95 எப்போதும் கிடைக்காது, கண்டியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

அப்புறம் டயர். காற்றுப் போனாலும் கொஞ்சத் தூரம் ஓடக்கூடிய ரன்ஃபிளாட் டயர் பூட்டிய கார்களில் பெரும்பாலும் உபரிச் சக்கரம் இருக்காது. காற்றுப் போனால் 80 கிலோமீற்றர் வேகத்துக்கு மிஞ்சாமல் சுமார் 80 கிலோமீற்றர் தூரம் ஓடலாம். விலை பார்த்துச் சாதாரண டயருக்கு மாறுகிறவர்கள் டிக்கியில் ஓர் உபரிச் சக்கரமோ, பஞ்சர் மருந்தும் பம்புமோ போட்டுவையுங்கள். அந்த அளவு டயரை இரவில் ஹட்டனில் தேடிப் பிடிப்பது லேசான காரியமல்ல.