வாஷிங்டன் வீட்டு அடிமைகள் யாருடைய சொத்து? நாம் தவறாகச் சொல்லிவரும் சில விஷயங்கள்

அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் தன் அடிமைகள் எல்லாரையும் விடுதலை செய்தார் என்று தமிழில் பலரும் எழுதுகிறார்கள். அவர் இறந்த 1799-ஆம் ஆண்டு அவரே தயாரித்த பட்டியல் இருக்கிறது. வர்ஜீனியாவில் உள்ள மவுண்ட் வெர்னன் பண்ணையில் அப்போது 317 பேர் அடிமைகளாக இருந்தார்கள். அதில் அவருக்குச் சொந்தமானவர்கள் 123 பேர். 153 பேர் மனைவி மார்த்தாவின் முதல் கணவர் வழி வந்த சொத்து. மீதிப் பேரில் அநேகமாக எல்லாரும் பக்கத்துப் பண்ணையிலிருந்து வாடகைக்கு எடுக்கப்பட்டவர்கள். உயிலில் அவர் விடுவிக்க முடிந்தது அந்த 123 பேரை மட்டும்தான்.

அந்த 153 பேரை "மார்த்தா கொண்டுவந்த சீதனம்" என்று சொல்வது அடுத்த தவறு. இந்த ஒரு சொல்லே கதையை மாற்றிவிடும். மார்த்தாவின் முதல் கணவர் டேனியல் பார்க் கஸ்டிஸ் 1757-ல் உயில் எழுதாமல் இறந்துபோனார். அன்றைய சட்டப்படி, நிலத்திலும் அடிமைகளிலும் மூன்றில் ஒரு பங்கு விதவைக்கு, அதுவும் ஆயுள் பாத்தியமாக. வேலை வாங்கலாம், வருமானத்தை அனுபவிக்கலாம்; விற்கவோ விடுவிக்கவோ பாத்தியம் கிடையாது. அவர் கண்ணை மூடியதும் அந்தப் பங்கு கஸ்டிஸ் வாரிசுகளுக்குப் போய்விடும். 1759-ல் மார்த்தாவை மணந்த வாஷிங்டனுக்கும் அதே வரம்புதான். இதை "விதவைப் பங்கு" என்று எழுதினால் குழப்பம் இருக்காது. சீதனம் என்றால் பெண்ணுக்கே உரிய சொத்து என்றுதான் நம் காதில் விழும்.

தகப்பன் வெள்ளைக்காரர் என்றால் பிள்ளை சுதந்திரமாகப் பிறந்திருக்கும் என்று நினைப்பவர்களும் உண்டு. இங்கிலாந்து வழக்கத்தில் பிள்ளையின் நிலை தகப்பன் வழி. வர்ஜீனியா சட்டசபை 1662-லேயே அதைத் தலைகீழாக்கியது: தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை. விதவைப் பங்கில் இருந்த ஒரு பெண்ணுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் வாரிசுகளின் கணக்கில் கூடியது. பண்ணையின் தையல்காரி பெட்டி விதவைப் பங்கைச் சேர்ந்தவர். அவருக்கும் ஆண்ட்ரூ ஜட்ஜ் என்ற வெள்ளைத் தையல்காரருக்கும் பிறந்த ஓனாவும் அதே கணக்கில் சேர்க்கப்பட்டார்.

தன்னை மார்த்தாவின் மூத்த பேத்திக்குக் கொடுக்கப்போகிறார்கள் என்று ஓனாவுக்குத் தெரியவந்தது. 1796 மே 21 அன்று, பிலடெல்பியாவில் ஜனாதிபதி வீட்டார் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்த நேரத்தில் வெளியேறி, கப்பலேறி நியூ ஹாம்ப்ஷயர் போய்ச் சேர்ந்தார். சுங்க அதிகாரி ஒருவர் மூலம் அவரைத் திரும்பக் கொண்டுவர வாஷிங்டன் முயன்றார், நடக்கவில்லை. அங்கே ஓனா மணம் முடித்தார், பிள்ளைகள் பெற்றார். சட்டத்தின் கண்ணில் அந்தப் பிள்ளைகளும் கஸ்டிஸ் வாரிசுகளின் சொத்துதான். 1848-ல் அவர் இறக்கும்வரை யாரும் அவரைச் சட்டப்படி விடுவிக்கவே இல்லை.

அடிமைகளை எப்போதும் அசையும் சொத்தாகவே கருதினார்கள் என்பதும் சரியல்ல. வாரிசுரிமை விஷயத்தில் அவர்களை நிலத்தைப் போல அசையாச் சொத்தாக 1705-ல் வர்ஜீனியா அறிவித்தது. உயில்களைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பாகப்பிரிவினை என்றதும் நம் மனம் அண்ணன் தம்பி சண்டைக்குப் போகும். இங்கே பிரிந்தது குடிசையில் இருந்த குடும்பம். அடிமைகளின் திருமணத்துக்குச் சட்ட மதிப்பு இல்லை. தச்சர் ஐசக் வாஷிங்டனுக்குச் சொந்தம். அவர் மனைவி, பால்பண்ணையில் வேலை செய்த கிட்டி, விதவைப் பங்கு. பிள்ளைகள் தாய் பக்கம். இரு தரப்பும் இப்படிக் கலந்திருப்பதைச் சொல்லித்தான், மார்த்தா இறந்த பிறகே விடுதலை என்று வாஷிங்டன் உயிலில் எழுதினார். ஆனால் 1801 ஜனவரி 1-லேயே மார்த்தா வாஷிங்டனுக்குச் சொந்தமானவர்களை விடுவித்துவிட்டார். அதைக் கருணை என்று எழுதிவிடாதீர்கள். தான் செத்தால்தான் விடுதலை என்று காத்திருப்பவர்கள் நடுவில் உயிருக்குப் பாதுகாப்பில்லை என்று மார்த்தா அஞ்சியதை, அவரை நேரில் பார்த்த, அப்போதைய ஜனாதிபதி ஜான் ஆடம்ஸின் மனைவி அபிகெயில் ஆடம்ஸ் கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஐசக் சுதந்திர மனிதரானார். கிட்டியும் மகள்களும் அடிமைகளாகவே இருந்தார்கள். 1802-ல் மார்த்தா இறந்ததும் விதவைப் பங்கு அடிமைகளை நான்கு பேரப்பிள்ளைகள் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

கடைசியாக, "சட்டம் தடுத்தது, அவர்கள் என்ன செய்வார்கள்" என்ற சமாதானம். 1723 முதல் தடை இருந்தது உண்மை. அரசு ஒப்புதல் இல்லாமல் யாரையும் விடுவிக்க முடியாது. ஆனால் 1782-ல் அந்தத் தடை நீங்கியது. அதற்குப் பிறகு வாஷிங்டன் 17 ஆண்டுகள் உயிரோடிருந்தார். மார்த்தாவுக்கும் முழுப் பாத்தியத்தோடு ஒரே ஒருவர் இருந்தார். பெயர் எலிஷ். அவரை விடுவிக்க எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. 1802-ல் தன் உயிலோடு சேர்த்த பின்குறிப்பில் எலிஷைப் பேரன் ஜார்ஜ் வாஷிங்டன் பார்க் கஸ்டிஸுக்கு மார்த்தா எழுதிவைத்தார்.