கார்சன் சிட்டி வெள்ளி டாலர்: முதல் காசு வாங்குவது எப்படி?

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் இருந்த கார்சன் சிட்டி நாணயச் சாலை, 1878 முதல் 1893 வரை (நடுவில் மூன்று ஆண்டுகள் தவிர்த்து) மார்கன் டாலர் என்ற வெள்ளிக் காசுகளை அடித்தது. அதில் பெரும்பகுதி புழக்கத்துக்கே வராமல் கருவூல மூட்டைகளில் தூங்கியது. 1964-இல் கணக்குப் பார்த்தபோது கிட்டத்தட்ட 30 லட்சம் டாலர்கள் மிச்சம். ஜிஎஸ்ஏ என்ற அரசு நிறுவனம் அவற்றைப் பெட்டியில் போட்டு 1972 முதல் 1980 வரை தபாலில் விற்றது. நாம் தேடுவது அந்தப் பெட்டிக் காசுகளைத்தான்.

படி 1: ஆண்டைத் தேர்ந்தெடுங்கள்

அடித்த எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறாதீர்கள். 1884-இல் அடித்தது 11,36,000. அதில் 9,62,638 காசுகள் மூட்டையிலேயே இருந்தன. 1890-இல் அதைப் போல இரண்டு மடங்கு, 23 லட்சம் அடித்தார்கள். ஆனால் மூட்டையில் கிடைத்தது நாலாயிரம்கூட இல்லை. அதனால் 1890 தனிக்காசாகச் சாதாரணமாகக் கிடைக்கும், ஜிஎஸ்ஏ பெட்டியோடு கிடைப்பது அரிது. 1889 காசு மூட்டையில் இருந்தது ஒன்றே ஒன்றுதான்! ஆரம்பிப்பவருக்கு 1882, 1883, 1884 போதும்.

படி 2: பெட்டியைப் பாருங்கள்

கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் காசு இருக்கும். கூடவே ஒரு சான்று அட்டை. அதன் எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் காசின் ஆண்டைச் சொல்லும். 1883 காசுக்கு 84 என்று தொடங்கும் அட்டை இருந்தால், எங்கோ மாறிப்போயிருக்கிறது. உறையின் ஓரத்தில் நெம்பிய தடமோ விரிசலோ தெரிந்தால் விட்டுவிடுங்கள். உறையைத் திறந்து காசை மாற்றிவைக்க முடியும்.

படி 3: லென்ஸை எடுங்கள்

கழுகு இருக்கும் பக்கத்தில், மாலையின் முடிச்சுக்குக் கீழே, கார்சன் சிட்டியைக் குறிக்கும் இரண்டு ‘சி’ (CC) எழுத்துகள் இருக்க வேண்டும். அப்புறம் காசை விளக்கடியில் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். ஒளிக்கீற்று சக்கரம் போலச் சுற்றி வந்தால் புழங்காத காசு. ஆயிரம் ஆயிரமாகப் பையில் கிடந்து ஒன்றோடொன்று மோதியதால், காசின் மறுபக்கத்தில் உள்ள பெண் முகத்தின் கன்னத்தில் சின்னச் சின்னக் கீறல்கள் இருக்கும். அது தேய்மானம் ஆகாது. தேய்ந்த காசில் காதுக்கு மேலுள்ள முடியும் கழுகின் நெஞ்சுச் சிறகும் மழுங்கியிருக்கும். கன்னம் எவ்வளவு சுத்தமோ, விலை அவ்வளவு ஏறும்.

பெட்டி இல்லாத தனிக்காசு என்றால் எடையும் போட்டுப் பாருங்கள்: 26.73 கிராம், விட்டம் 38.1 மில்லிமீட்டர். ஆனால் எடை சரியாக இருந்தாலும், வேறு ஊர்க் காசில் ‘சி’ எழுத்துகளை ஒட்டவைத்தவை உண்டு. குறிப்பாக 1889 என்றால், காசின் தரம் பார்க்கும் நிறுவனம் தரும் தரச்சான்று இல்லாமல் தொடவே வேண்டாம்.

படி 4: தேய்க்காதீர்கள்

விளிம்பில் மஞ்சளோ நீலமோ படிந்திருந்தால் படிந்தபடியே இருக்கட்டும். அந்த நிறத்துக்காகவே கூடுதலாகக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். திருநீறோ பற்பசையோ போட்டுப் பளபளப்பாக்கினால் பாதி விலைகூடத் தேறாது. தரச்சான்று வேண்டுமென்றாலும் உறையை உடைக்க வேண்டாம். என்ஜிசி நிறுவனம் காசை உறைக்குள் வைத்தே தரம் பார்த்து, மேலே ஒரு பட்டை போட்டுத் தரும்.