வாழ்க்கை கேம்களில் கடிகாரத்தைக் கவனிக்காதவர்கள்

பிராணி வளர்ப்பது, வீடு, தோட்டம் பார்த்துக்கொள்வது என அன்றாட வாழ்க்கையையே ஆட்டமாக்கும் வாழ்க்கை கேம் ஒன்றைப் புதிதாகத் தொடங்குபவர் முதலில் எதைப் பார்க்கிறார்? கதாபாத்திரத்தின் முடி, சட்டை, வீட்டுச் சுவரின் நிறம். அந்த கேமில் நேரம் எப்படி ஓடுகிறது என்பதை மட்டும் பார்ப்பதில்லை. சொதப்பல்கள் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன.

1996 நவம்பரில் ஜப்பானில் பண்டாய் நிறுவனம் வெளியிட்ட, சின்னத் திரைக்குள் பிராணி வளர்க்கும் கையடக்கப் பொம்மையான தமகோச்சியை எடுத்துக்கொள்வோம். நாம் பார்க்காதபோதும் அதன் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். திரையில் பசியைக் காட்டும் இதயக் குறிகளோ மகிழ்ச்சியைக் காட்டும் இதயக் குறிகளோ காலியானால் பிராணி கூப்பிடும்; கால் மணி நேரத்துக்குள் கவனிக்காவிட்டால் அது பராமரிப்புத் தவறாகக் கணக்கில் ஏறிவிடும். வளர்ந்தபின் பிராணி எந்த உருவம் எடுக்கும் என்பதில் இந்தக் கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு. "சாகவில்லையே, நன்றாகத்தான் வளர்க்கிறேன்" என்று நினைப்பவர்கள் ஏமாறுவது இதில்தான். கூப்பிடும்போதெல்லாம் தின்பண்டம் கொடுப்பது இன்னொரு தவறு. மகிழ்ச்சி உடனே ஏறும், சரி. எடையும் ஏறும், அளவு மீறினால் நோயும் வரும். அதனுடன் விளையாடி ஜெயித்தால் மகிழ்ச்சி கூடும், எடையும் குறையும். அப்புறம், இதயங்கள் நிறைந்திருக்கும்போதும் சில சமயம் சும்மா கூப்பிடும். அப்போது கொஞ்சக் கூடாது, அதட்ட வேண்டும். எனக்கு அதற்கு மனசே வராது; என்னிடம் வளர்ந்தவை எல்லாம் அடங்காப்பிடாரிகள்.

விலங்குகள் அண்டை வீட்டாராக இருக்கும் ஊரில் நாம் குடியிருக்கும் அனிமல் கிராசிங் கேம் வரிசை நிஜ நாட்காட்டியோடு ஓடுவது. காத்திருக்கப் பொறுமையில்லாதவர்கள் கருவியின் தேதியை மாற்றிவிடுவார்கள். அந்த வரிசையில் 2020இல் வந்த, தீவில் நடக்கும் நியூ ஹொரைசன்ஸில், விலை ஏறும்போது விற்கலாம் என்று ஞாயிறு காலை வாங்கிய டர்னிப் கிழங்கு கையில் இருக்கும்போது தேதியைப் பின்னோக்கி மாற்றினால் மொத்தமும் அழுகிவிடும். இந்த கேம் ஓடும் ஸ்விட்ச் கருவி ஒன்றுக்கு ஒரே தீவுதான் என்பதும் பலருக்குத் தாமதமாகவே தெரிகிறது. முதலில் தொடங்கியவர் கையில்தான் தீவின் வளர்ச்சி இருக்கும். வீட்டில் ஆர்வமே இல்லாத ஒருவர் முந்திக்கொண்டால், மற்றவர்கள் ஒரு பாலம்கூடக் கட்ட முடியாது.

எரிக் பரோன் தனி ஆளாக உருவாக்கி 2016இல் வெளியிட்ட விவசாய கேமான ஸ்டார்டியூ வேலியில் பருவத்துக்கு 28 நாள். பருவம் மாறினால் பழைய பருவத்தின் பயிர் பட்டுப்போகும். முதல் வசந்தத்தில் 20ஆம் தேதி, கையிருந்த காசு முழுவதற்கும் காலிஃபிளவர் விதை வாங்கி நட்டேன். அது விளைய 12 நாள் வேண்டும். கூட்டிப் பார்த்திருக்கலாம். கணினியில் அன்றைய ஆட்டம் சேவ் ஆவதும் இரவு தூங்கினால்தான்; நடுவில் மூடினால் அந்த நாள் போச்சு.

சிம் எனப்படும் மனிதர்களின் அன்றாடத்தை நாம் நடத்தும் தி சிம்ஸில் நேரம் முழுக்க நம் கையில். அப்படியும், வேகத்தைக் கூட்டி ஓடவிட்டு, பசி, தூக்கம், கழிப்பறை மூன்றும் சிவப்பான பிறகே பதறுகிறார்கள். ஆட்டத்தை நிறுத்தி வைத்தபடியே அடுத்தடுத்த வேலைகளை வரிசையாகக் கொடுக்கலாம். முதலில் கழிப்பறை, பிறகு சாப்பாடு, அதன்பின் படுக்கை. வரிசை மாறினால் தரை துடைக்கும் வேலையும் சேர்ந்துகொள்ளும்.