நர்ஸ்களே, ஆண்டுக் கட்டணத்தை டிசம்பர் வரை இழுக்காதீர்கள்

டர்பன், சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் வார்டில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு.

நர்ஸாக வேலை செய்யத் தென்னாப்பிரிக்க நர்சிங் கவுன்சில் தரும் ஆண்டுச் சான்றிதழ் அந்தக் காலண்டர் வருடத்துக்கு மட்டும்தான் செல்லும். அடுத்த ஆண்டுக்கான கட்டணம் டிசம்பர் 31க்குள் அவர்களிடம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கட்டாமல் விட்டால் பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கப்படலாம். திரும்பச் சேர்க்கத் தனிக் கட்டணம், அதற்குத் தனி அலைச்சல். பதிவு இல்லாமல் நர்ஸாக வேலை செய்வது சட்டப்படி குற்றமும்கூட.

பணம் கட்டும்போது ரெஃபரன்ஸ் என்ற இடத்தில் கவுன்சில் உங்களுக்குத் தந்திருக்கும் எண்ணை மட்டும் போடுங்கள். அடையாள அட்டை எண், பெயர், "ஃபீஸ்" என்றெல்லாம் எழுதினால் பணம் போய்விடும், யாருடையது என்று அங்கே தெரியாது. வீட்டுக்காரர் கணக்கிலிருந்து கட்டினாலும் இதே கதைதான். அவரிடம் எண்ணை எழுதியே கொடுங்கள், வாய்வழி சொன்னால் ஒரு இலக்கம் கட்டாயம் மாறும்!

அப்புறம், சில நாள் கழித்து கவுன்சிலின் இணையதளத்தில் உள்ள இ-ரெஜிஸ்டரில் (ஆன்லைன் பதிவேட்டில்) உங்கள் பெயரைத் தேடிப் பாருங்கள். வேலைக்கு எடுக்கும் மருத்துவமனையும் அங்கேதான் பார்க்கும். கட்டணம் கட்டியதாக அங்கே காட்டவில்லை என்றால் ரசீதோடு உடனே தொடர்பு கொள்ளுங்கள். கிறிஸ்துமஸ் விடுமுறை நெரிசலில் யாரையும் போனில் பிடிக்க முடியாது. அக்டோபர், நவம்பரிலேயே முடித்துவிடுவது நல்லது.

கம்யூனிட்டி சர்வீஸ் ஆண்டில் (படிப்பு முடிந்ததும் செய்யும் கட்டாயச் சேவை) இருப்பவர்கள், அது முடிந்ததும் பதிவை மாற்றும் படிவத்தைக் கவனியுங்கள். தானாக மாறிவிடும் என்று இருக்க வேண்டாம்.