தூங்குற ஃபோனை நெட்வொர்க் எப்படி எழுப்புது? லேப்டாப்லயே பேஜிங் பாக்கலாம் வாங்க

டர்பன்ல இருக்கிற நம்ம ஆளுங்களுக்குத் தெரியும், குட் ஃப்ரைடே அன்னிக்கு இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில்ல எவ்ளோ கூட்டம்னு. அத்தனை பேர் பையிலயும் ஃபோன் இருக்கு, ஆனா ஒரு நேரத்துல பேசுறதும் வாட்ஸ்அப் பாக்குறதும் கொஞ்சம் பேர்தான், மத்த ஃபோன் எல்லாம் ஐடில், அதாவது டவரோட கனெக்‌ஷனே இல்ல. நெட்வொர்க்குக்கு அது எந்த செல்லுல இருக்குன்னுகூட தெரியாது, ஏதோ ஒரு ட்ராக்கிங் ஏரியாவுக்குள்ள (பல செல் சேர்ந்த ஒரு வட்டாரம்) இருக்குன்னு மட்டும்தான் தெரியும். அப்படி இருந்தும் சாட்ஸ்வொர்த்துல இருந்து அக்கா மெசேஜ் போட்டா உடனே வந்து சேருதே, அது எப்படின்னு புத்தகத்துல படிக்கிறதைவிட கண்ணால ஒரு தடவை பாத்துட்டா அப்புறம் மறக்கவே மறக்காது.

ஐபி உலகத்துல இது ரொம்ப நாளா இருக்கிற கேள்வி. 2001லயே இன்டர்நெட் ஸ்டாண்டர்ட் போடுற ஐஈடிஎஃப் இதுக்குன்னு ஆர்எஃப்சி 3132, 3154ன்னு ரெண்டு ஆவணம் போட்டுச்சு. இப்படித் தூங்குற ஃபோனைக் கூப்பிட்டு எழுப்புறதுக்குப் பேருதான் பேஜிங், இன்னிக்கு நாம அதைப் பாக்கப்போறது 5ஜி கோர்ல, அதாவது டவருக்குப் பின்னாடி இருந்து நெட்வொர்க்கை நடத்துற பகுதியில.

என்ன வேணும்: உபுண்டு 22.04 போட்ட ரெண்டு விஎம் (லேப்டாப்புக்குள்ள ஓடுற விர்ச்சுவல் மெஷின்), ஓப்பன்5ஜிஎஸ் (5ஜி கோர் சாஃப்ட்வேர்), யூஈரான்சிம் (டவர், ஃபோன் ரெண்டுக்கும் சிமுலேட்டர்), வயர்ஷார்க் (பாக்கெட்டைப் பிடிச்சுக் காட்டுற டூல்). எஸ்டிஆர் போர்டு (நிஜமா ரேடியோ சிக்னல் விடுற ஹார்ட்வேர்) வாங்காதீங்க, முதல்ல கத்துக்கிறதுக்கு சிமுலேட்டர்தான் சரி, ரேடியோ பிரச்சினையும் கோர் பிரச்சினையும் ஒண்ணா கலந்துட்டா எது எங்க உடைஞ்சதுன்னே பிடிக்க முடியாது. அதோட காத்துல சிக்னல் விட்டா இகாசா (நம்ம நாட்டு டெலிகாம் ரெகுலேட்டர்) லைசென்ஸ் கேள்வி வரும், சிமுலேட்டர்ல அந்தத் தொல்லையே இல்ல.

இன்ஸ்டால் பண்றது ரெண்டு ப்ராஜெக்ட் டாக்ஸ்லயும் தெளிவா இருக்கு, அதை இங்க திரும்ப எழுதல. 9999 போர்ட்ல வெப் பக்கத்தைத் திறந்து சப்ஸ்க்ரைபரைச் சேருங்க, ஐஎம்எஸ்ஐ (சிம்மோட நிரந்தர நம்பர்) 999700000000001, கீயும் ஓபிசியும் (சிம்மோட ரகசியக் குறிகள்) யூஈரான்சிம் கான்ஃபிக்ல இருக்கிறதையே காப்பி பண்ணிடுங்க. அந்த நம்பர் ஆரம்பத்துல வர்ற நாட்டு கோடு நம்ம சவுத் ஆப்ரிக்காவுக்கு 655தான், ஆனா டெஸ்ட்டுக்கு நாட்டு கோடு 999, நெட்வொர்க் கோடு 70 அப்படியே இருக்கட்டும், 999ங்கிறது ப்ரைவேட் நெட்வொர்க்குக்குன்னே ஒதுக்கினது.

ஏன் ரெண்டு விஎம்?

இங்கதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க, எனக்கும் ஒரு சனிக்கிழமை முழுக்க இதுலயே போச்சு, அதனால பொறுமையா படிங்க.

எல்லாத்தையும் ஒரே மெஷின்ல போட்டா யூஈ (அதாவது ஃபோன்) நல்லா ரெஜிஸ்டர் ஆகும், 10.45.0.2ன்னு அட்ரஸும் கிடைக்கும், ஐடில் பண்ணிட்டு பிங் அடிச்சா பதிலும் வரும். ஆனா வயர்ஷார்க்ல பேஜிங் மட்டும் வராது. காரணம் என்னன்னா அந்த 10.45.0.2 அட்ரஸ் அதே மெஷினோட டன் இன்டர்ஃபேஸ்ல (சாஃப்ட்வேர்லயே உருவாக்கின நெட்வொர்க் கார்டு மாதிரி) உக்காந்திருக்கு, லினக்ஸ் கெர்னல் "இது என் அட்ரஸ்தானே"ன்னு உள்ளுக்குள்ளயே பதில் கொடுத்துடும், பாக்கெட் யூபிஎஃப் (கோர்ல டேட்டா பாக்கெட்டைக் கடத்துற பகுதி) பக்கமே போகாது. பிங் டைம் 0.05 மில்லிசெகண்ட் மாதிரி வந்தா அந்தப் பதில் நெட்வொர்க் வழியா வரலன்னு தெரிஞ்சுக்கலாம். நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் வெச்சும் சமாளிக்கலாம், ஆனா புதுசா வர்றவங்களுக்கு ரெண்டு விஎம்தான் நான் சொல்லுவேன்.

முதல் விஎம் (192.168.56.10ன்னு வெச்சுக்கோங்க) கோர். ஏஎம்எஃப் (ஃபோன் ரெஜிஸ்டர் ஆகுறதைப் பாத்துக்கிற பகுதி) கான்ஃபிக்ல என்ஜிஏபி (டவரோட பேசுற மொழி) அட்ரஸ் 127.0.0.5ன்னு இருக்கும், யூபிஎஃப் கான்ஃபிக்ல ஜிடிபி-யூ (டவருக்கு டேட்டா போற குழாய்) அட்ரஸ் 127.0.0.7ன்னு இருக்கும், ரெண்டையும் 192.168.56.10 ஆக்கிட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க. எஸ்எம்எஃப் (டேட்டா செஷனைப் பாத்துக்கிற பகுதி), யூபிஎஃப் நடுவுல ஓடுற பிஎஃப்சிபியை (எஸ்எம்எஃப் யூபிஎஃப்புக்கு உத்தரவு போடுற மொழி) தொடாதீங்க, அது லோக்கல்லயே இருக்கட்டும்.

ரெண்டாவது விஎம் (192.168.56.11) ஜிஎன்பியும் (5ஜி டவர்) யூஈயும். ஜிஎன்பி கான்ஃபிக்ல என்ஜிஏபி, ஜிடிபி அட்ரஸ் 192.168.56.11, ஏஎம்எஃப் அட்ரஸ் 192.168.56.10. லிங்க் அட்ரஸ் (யூஈக்கும் ஜிஎன்பிக்கும் நடுவுல ரேடியோவுக்குப் பதிலா இருக்கிறது) 127.0.0.1 அப்படியே இருக்கலாம்.

இப்ப எழுப்பிப் பாக்கலாம்

கோர் விஎம்ல எல்லா இன்டர்ஃபேஸ்லயும் கேப்சர் போடுங்க, எஸ்சிடிபி 38412 (என்ஜிஏபி), யூடிபி 8805 (பிஎஃப்சிபி) இந்த ரெண்டு போர்ட் மட்டும் போதும். லாக் படிச்சும் கண்டுபிடிக்கலாம்தான், ஆனா எது முன்னாடி எது பின்னாடிங்கிற வரிசை வயர்ஷார்க்லதான் பளிச்னு தெரியும், இங்க விஷயமே அந்த வரிசைதான்.

நிஜ டவர்ல கொஞ்ச நேரம் டேட்டா இல்லன்னா இன்ஆக்டிவிட்டி டைமர் ஃபோனை ஐடிலுக்குத் தள்ளிடும். அந்த டைமர் கோர்ல இல்ல, டவர்லதான் இருக்கு. யூஈரான்சிம்ல நாமதான் கையால தள்ளணும்: என்ஆர்-சிஎல்ஐ டூல்ல ஜிஎன்பியைப் பிடிச்சு யூஈ-லிஸ்ட் போட்டு நம்பரைப் பாருங்க, அப்புறம் அந்த நம்பரோட யூஈ-ரிலீஸ். யூஈ பக்கம் ஸ்டேட்டஸ் கேட்டா இன்னும் ரெஜிஸ்டர்டுதான், ஆனா சிஎம்-ஐடில்னு காட்டும். யூஈ டன் இன்டர்ஃபேஸ்ல முன்னாடி போட்ட பிங் எதுவும் ஓடிட்டிருக்கக் கூடாது, அது இருந்தா ஃபோன் தானா முழிச்சுக்கும், பேஜிங்குக்கு வேலையே இருக்காது.

அந்த ரிலீஸ் நேரத்துல 8805ல ஒரு செஷன் மாடிஃபிகேஷன் போகும் பாருங்க. இனிமே இந்த ஆளுக்கு வர்ற பாக்கெட்டை அனுப்பாத, பிடிச்சு வெச்சுக்கோ, வந்தா எனக்குச் சொல்லுன்னு எஸ்எம்எஃப் யூபிஎஃப்கிட்ட சொல்றது அதுதான்.

இப்ப கோர் விஎம்ல இருந்து 10.45.0.2க்கு பிங். யூபிஎஃப் பாக்கெட்டைப் பிடிச்சு வெச்சுட்டு செஷன் ரிப்போர்ட் அனுப்பும், எஸ்எம்எஃப் ஏஎம்எஃப்கிட்ட சொல்லும், ஏஎம்எஃப் 38412ல பேஜிங் போடும், யூஈ சர்வீஸ் ரிக்வெஸ்ட்டோட எழுந்து வரும், பாதை திரும்பக் கட்டினதும் பிடிச்சு வெச்ச பாக்கெட் போகும். அதனால முதல் பிங் மட்டும் டைம் அதிகமா இருக்கும், ஆனா தொலையாது. நிஜ ஃபோன்ல இதைவிட லேட்டாகும், ஏன்னா ஐடில்ல ஃபோன் சும்மா கேட்டுக்கிட்டே இருக்காது, அதோட முறை வரும்போது மட்டும்தான் காது கொடுக்கும், அந்தச் சுழற்சி 320 மில்லிசெகண்ட்ல இருந்து 2.56 செகண்ட் வரைக்கும் இருக்கலாம். பேட்டரி மிச்சமாகுறதே இதனாலதான்.

பேஜிங் மெசேஜைத் திறந்து பாருங்க, அதுல ஐஎம்எஸ்ஐ இருக்காது, 5ஜி-எஸ்-டிஎம்எஸ்ஐங்கிற தற்காலிக நம்பரும் ட்ராக்கிங் ஏரியா லிஸ்ட்டும்தான். மூணாவது விஎம்ல அதே டிஏசியோட (ட்ராக்கிங் ஏரியா கோடு) இன்னொரு ஜிஎன்பி ஏத்துங்க (செல் ஐடியை மட்டும் மாத்திடுங்க), பேஜிங் ரெண்டுக்குமே போகும். கோயில் கூட்டத்துல ஒருத்தரைத் தேடி ஏரியா முழுக்க கூப்பிடுறது இப்படித்தான்.

அப்டேட் 1: பேஜிங் திரும்பத் திரும்ப போகுது ஆனா யூஈ வரலன்னு ஒரு தம்பி கேட்டிருந்தாரு. யூஈ ப்ராசஸ் செத்திருக்கும், கோருக்கு அது தெரியாது. 2023ல லோட்ஷெடிங் (முறை வெச்சு கரண்ட் கட்) அப்போ டவர் பேட்டரி தீர்ந்தப்பவும் இதே கதைதான், ஃபோன் சொல்லிட்டுப் போகல, அதனால கோர் அது இன்னும் இருக்குன்னே நினைச்சுக் கூப்பிடும், டி3513 டைமர் முடிஞ்சு சில தடவை முயற்சி பண்ணிட்டு விட்டுடும். ஃபோன் அப்பப்ப "நான் இருக்கேன்"னு சொல்ற டைமர் டி3512, ஸ்டாண்டர்ட்ல 54 நிமிஷம், ஓப்பன்5ஜிஎஸ் சாம்பிள் கான்ஃபிக்ல 540 செகண்ட். அதுவும் தாண்டி கொஞ்ச நேரம் ஆனாதான் கோர் ஆளைத் தூக்கும், அதனால டெஸ்ட்டுக்கு இதைக் குறைச்சு வெச்சுக்கோங்க.

அப்டேட் 2: நிஜ 5ஜி ஜிஎன்பி வெச்சுப் பாக்குறவங்களுக்கு: ஃபோன் சும்மாதான் இருக்கு ஆனா 38412ல பேஜிங்கே வரலன்னா அது ஐடில் இல்லாம ஆர்ஆர்சி இன்ஆக்டிவ்ல (ஐடிலுக்கும் கனெக்டட்டுக்கும் நடுவுல இருக்கிற அரைத்தூக்கம்) இருக்கலாம். அப்போ கோரைப் பொறுத்தவரை ஃபோன் கனெக்டட்தான், எழுப்புற வேலையை ஜிஎன்பியே பாத்துக்கும். ஜிஎன்பி செட்டிங்ல இன்ஆக்டிவை ஆஃப் பண்ணிட்டு திரும்பப் பாருங்க, வரும்.